ரீஸ்டார்ட் பட்டனை மட்டும் கொடுப்பது எப்படி: டெரோடாக்டில் பேனலில் மைன்கிராஃப்ட் சர்வர்

அக்கா பிள்ளைகள், சித்தப்பா பேரன்கள் என்று ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் எங்கள் வீட்டுப் பட்டாளம், சாயங்காலமானால் ஒரே மைன்கிராஃப்ட் உலகத்தில் கூடிவிடும். அந்த சர்வரை வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் எந்திரத்தில் நான்தான் ஓட்டி வந்தேன். ஸ்க்ரீன் அமர்வு ஒன்றைத் திறந்து, அதற்குள் ஒரு ஜாவா கட்டளை. ஓடும்வரை அது போதும். நின்றுபோனால்தான் சிக்கல். "மாமா, சர்வர் ஓடலை" என்று செய்தி வரும். நான் வேலையில் இருப்பேன். பத்தாவது படிக்கிற பெண்ணிடம் எந்திரத்தின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு ரீஸ்டார்ட் பட்டனைத் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த ஒரு பட்டனுக்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

விளையாட்டு சர்வர்களை உலாவியிலிருந்தே தொடங்கவும் நிறுத்தவும் உதவும் பேனல் மென்பொருள்கள் பல உண்டு. மைன்கிராஃப்ட் மட்டும்தான், வேறெதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு கிராஃப்டி கன்ட்ரோலர் போதும், நிறுவுவதும் சுலபம். எங்கள் பையன்கள் டெராரியா என்ற விளையாட்டும் கேட்டார்கள். அதோடு ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனி அறையில் பூட்டியது போல ஓட வேண்டும் என்பது என் ஆசை. அதனால் டெரோடாக்டிலைத் தேர்ந்தெடுத்தேன். திறமூல மென்பொருள், எம்ஐடி உரிமம், இலவசம். அதிலிருந்து கிளைத்த பெலிக்கன் என்ற பேனலும் இருக்கிறது. ஆனால் சிக்கல் வரும்போது தேடிப் படிக்க டெரோடாக்டிலுக்குத்தான் அதிகம் கிடைக்கிறது.

ஒன்றை முதலிலேயே மனதில் பதித்துக்கொண்டால் மீதி வேலை பாதியாகக் குறையும். இது ஒரு மென்பொருள் அல்ல, இரண்டு. பேனல் என்பது பிஎச்பியில் எழுதிய ஒரு வலைத்தளம். யார் யார், யாருக்கு எந்த உரிமை, எந்த சர்வருக்கு எவ்வளவு நினைவகம் என்ற கணக்கெல்லாம் அதன் தரவுத்தளத்தில் இருக்கும். விங்ஸ் என்பது கோ மொழியில் எழுதிய பின்னணி நிரல். டாக்கர் கன்டெய்னர்களை (ஒவ்வொரு விளையாட்டையும் பூட்டி வைக்கும் தனி அறைகளை) உருவாக்குவது, ஓட்டுவது, நிறுத்துவது, கோப்புகளைக் காட்டுவது எல்லாம் அதன் வேலை. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவரும் அடுப்படியில் நிற்பவரும் மாதிரி: சாம்பார் தீய்ந்தால் பந்தி விசாரிப்பவரிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு கோளாறிலும் நான் முதலில் கேட்டது, இது பேனலின் பக்கமா, விங்ஸின் பக்கமா என்பதைத்தான்.

எந்திரம்

வீட்டிலேயே ஒரு பழைய கணினியில் வைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். எங்கள் வீட்டு இணைப்பில் நமக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது. நிறுவனம் ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது. அப்படி இருந்தால் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை நம் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அதனால் சென்னையில் தரவு மையம் உள்ள ஒரு நிறுவனத்தில் எந்திரம் எடுத்தேன். 4 கோர், 8 ஜிபி நினைவகம், உபுண்டு 24.04.

எடுக்கும் முன் பார்க்க வேண்டியது, அது கேவிஎம் வகை மெய்நிகராக்கமா, அதாவது முழுத் தனிக் கணினி போல நடக்கும் வகையா என்று. ஓபன்விஇசட், எல்எக்ஸ்சி வகை எந்திரங்கள் விலை மலிவு. ஆனால் அவற்றில் டாக்கர் ஒழுங்காக ஓடும் என்று நம்ப முடியாது. டாக்கர் இல்லையென்றால் விங்ஸ் இல்லை. விற்பனைப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கவில்லை என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பேனலை நிறுவியது

இந்தப் பகுதி லாராவெல் என்ற பிஎச்பி சட்டகத்தில் எழுதிய எந்தத் தளத்தையும் நிறுவுவது போலத்தான். வலைச் சேவைக்கு என்ஜின்எக்ஸ், பிஎச்பி 8.3, தரவுத்தளத்துக்கு மரியாடிபி, தற்காலிகத் தரவுக்கு ரெடிஸ், பிஎச்பி நூலகங்களை இறக்க கம்போசர். உபுண்டு 24.04இல் பிஎச்பி 8.3 கூடவே வருவதால் வெளிக் களஞ்சியம் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. பேனலின் கோப்புகளை இறக்கி, உரிய அடைவில் விரித்து, தரவுத்தளத்தை உருவாக்கி, முதல் நிர்வாகி கணக்கைத் திறந்தால் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நிதானம் வேண்டும். நிறுவும்போது ஒரு குறியாக்கச் சாவி உருவாகி, பேனலின் அமைவுகளை வைத்திருக்கும் .env கோப்பில் உட்காரும். தரவுத்தளத்தில் உள்ள ரகசியங்கள் அந்தச் சாவியால்தான் பூட்டப்படுகின்றன. தரவுத்தளத்தை நகலெடுத்து வைத்திருந்தாலும் இந்தச் சாவி இல்லையென்றால் அந்த ரகசியங்களைத் திரும்ப எடுக்க முடியாது. நான் அதை எந்திரத்துக்கு வெளியே, கடவுச்சொல் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். அடுத்தது நேர மண்டலம். அமைப்பின்போது கேட்கும் அந்தக் கேள்விக்கு ஆசியா/கொல்கத்தா என்று கொடுக்க வேண்டும். யூடிசி என்று விட்டுவிட்டால், அதிகாலை 3 மணிக்கு நடக்க வேண்டிய காப்பு நகல் காலை 8.30க்கு நடக்கும்.

அப்புறம் நேரம் பார்த்துக் கட்டளையை ஓட்டும் கிரானில், நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் வரி ஒன்று, வரிசையில் நிற்கும் வேலைகளைச் செய்யும் கியூ வொர்க்கர் சேவை ஒன்று. இவை இல்லாவிட்டாலும் பேனல் அழகாகத் திறக்கும், பட்டன்கள் வேலை செய்யும். ஆனால் மின்னஞ்சல் போகாது, நேரம் குறித்து வைத்த பணிகள் நடக்காது. பேனல் நன்றாக இருக்கிறது, அட்டவணை மட்டும் ஓடவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்வேன்.

சான்றிதழும் சிவப்பு இதயமும்

பேனலுக்கு ஒரு துணைப் பெயர், விங்ஸுக்கு ஒரு துணைப் பெயர் என்று டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் பட்டியலில்) இரண்டு பதிவு போட்டேன். ஒரே எந்திரம்தானே, எதற்கு இரண்டு என்று தோன்றும். நாளைக்கு விங்ஸை மட்டும் பெரிய எந்திரத்துக்கு மாற்றினால் பேனலில் கை வைக்க வேண்டியிருக்காது, அதற்குத்தான்.

இரண்டுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்க வேண்டும். பேனல் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்தால் விங்ஸும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் இருக்க வேண்டும். காரணம், சர்வருக்குக் கட்டளை தட்டும் கன்சோலைத் திறக்கும்போது நம் உலாவி பேனல் வழியாகப் போவதில்லை. விங்ஸின் 8080 போர்ட்டுக்கே நேராக ஒரு வெப்சாக்கெட் இணைப்பு (தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பு) போடுகிறது. பாதுகாப்பான பக்கத்திலிருந்து பாதுகாப்பற்ற இணைப்பை உலாவி அனுமதிக்காது. கிளவுட்ஃப்ளேர் என்ற டிஎன்எஸ் சேவையில் பெயர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதன் இடைநிலைச் சேவை 8080இல் எச்டிடிபிஎஸ்ஸைக் கடத்தாது. விங்ஸின் பதிவை டிஎன்எஸ் மட்டும் என்று சாம்பல் நிற மேகத்தில் வைக்கலாம். அல்லது விங்ஸை 8443க்கு மாற்றலாம். நான் சாம்பல் மேகத்தில் வைத்தேன்.

நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு நோடுக்கும் (விங்ஸ் ஓடும் எந்திரத்துக்கும்) பக்கத்தில் ஓர் இதயக் குறி இருக்கும். பச்சையாகத் துடித்தால் விங்ஸ் பேசுகிறது என்று பொருள். நிறுவிய அன்று பச்சையாக இருந்த இதயம், மாதங்கள் கழித்து ஒரு நாள் சிவப்பாகிவிட்டது. விளையாட்டு நடந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள், கன்சோல் மட்டும் திறக்கவில்லை. பேனலின் சான்றிதழ் புதுசாகத்தான் இருந்தது. விங்ஸ் தன் சான்றிதழைத் தொடங்கும்போது ஒரு முறைதான் படிக்கிறது. வட்டில் இருந்த கோப்பு புதுப்பிக்கப்பட்டுவிட்டது. நினைவகத்தில் இருந்ததோ 90 நாள் முடிந்த பழையது. விங்ஸை ரீஸ்டார்ட் செய்ததும் பச்சை திரும்பியது. இப்போது சான்றிதழ் புதுப்பிக்கும் கட்டளையின் வாலிலேயே என்ஜின்எக்ஸையும் விங்ஸையும் ரீஸ்டார்ட் செய்யும் வரியைச் சேர்த்துவிட்டேன். இதில் பயப்பட ஒன்றுமில்லை: விங்ஸை நிறுத்தித் தொடங்கினாலும் விளையாட்டுக் கன்டெய்னர்கள் டாக்கரில் ஓடிக்கொண்டே இருக்கும். விளையாடுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

விங்ஸும் ஐபி முகவரியும்

விங்ஸை நிறுவுவது எளிது. டாக்கரைப் போட்டு, விங்ஸின் ஒற்றைக் கோப்பை இறக்கி, பேனலில் ஒரு இடத்தையும் நோடையும் உருவாக்கினால், அதற்கான அமைவுக் கோப்பைப் பேனலே எழுதித் தரும். முதல் முறை சேவையாகத் தொடங்காமல், பிழைத்திருத்த முறையில் முனையத்திலேயே ஓட்டிப் பாருங்கள். என்ன தவறு என்று கண்ணெதிரே வரிவரியாகச் சொல்லும்.

நோடின் நினைவகமாக 8 ஜிபியையும் எழுதிவிடக் கூடாது. உபுண்டு, மரியாடிபி, பிஎச்பி எல்லாம் அதே எந்திரத்தில்தான் இருக்கின்றன. 6144 எம்பி என்று கொடுத்து, அதற்கு மேல் ஒதுக்கும் விகிதத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன். இருப்பதைவிட அதிகமாக ஒதுக்கப் பார்த்தால் பேனலே மறுத்துவிடும்.

அடுத்தது அலொகேஷன். எந்த ஐபியில் எந்த போர்ட்டை விளையாட்டுகளுக்குக் கொடுக்கலாம் என்ற பட்டியல் அது. எந்திரத்தின் பொது ஐபியையும் 25565 போர்ட்டையும் சேர்த்தேன். சர்வர் நிறுவப்பட்டது, தொடங்கும்போது விழுந்தது. கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை என்று டாக்கர் சொன்னது.

இது விங்ஸ் பக்கத்துக் கோளாறு என்பது செய்தியிலேயே தெரிந்தது. எந்திரத்தின் பிணைய இடைமுகங்களைப் பட்டியலிட்டுப் பார்த்ததும் காரணம் புரிந்தது. இந்த வகை கிளவுட் எந்திரங்களில் பொது ஐபி எந்திரத்தின் மேல் இருப்பதில்லை. எந்திரத்துக்குள் இருப்பது ஓர் அக ஐபி. பொது ஐபியை நிறுவனத்தின் பிணையம் வெளியே வைத்துக்கொண்டு உள்ளே திருப்பி விடுகிறது. தன்னிடம் இல்லாத முகவரியில் டாக்கர் எப்படி உட்காரும்? அலொகேஷனில் அக ஐபியைக் கொடுத்து, மாற்றுப் பெயர் கட்டத்தில் பிள்ளைகள் பயன்படுத்தும் பெயரை எழுதினேன். பேனலில் தெரிவது அந்தப் பெயர், டாக்கர் கட்டிக்கொள்வது அக ஐபி. சர்வர் எழுந்தது. எல்லா எந்திரமும் இப்படி இல்லை. சிலவற்றில் பொது ஐபி நேரடியாகவே இருக்கும். அலொகேஷன் போடும் முன் இடைமுகப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டால் குழப்பமில்லை.

முதல் சர்வர்

டெரோடாக்டிலில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் எக் என்றொரு ஜேசான் கோப்பு உண்டு. எங்கிருந்து இறக்குவது, எந்தக் கட்டளையில் தொடங்குவது, எப்படி நிறுத்துவது எல்லாம் அதில் இருக்கும். செருகுநிரல்களை ஏற்கும் பேப்பர் என்ற மைன்கிராஃப்ட் சர்வருக்கான எக் பேனலோடு வருகிறது. டெராரியாவுக்கு, டிஷாக் என்ற சர்வர் மென்பொருளின் எக்கைச் சமூகக் களஞ்சியத்திலிருந்து எடுத்து ஏற்றினேன். அது 7777 போர்ட்டில் எந்தத் தொல்லையும் தராமல் அன்றே ஓடத் தொடங்கிவிட்டது.

மைன்கிராஃப்டில் ஜாவா பதிப்புதான் பலருக்கும் இடறும் கல். 1.17க்கு ஜாவா 16, 1.18க்கு ஜாவா 17, 1.20.5 முதல் 1.21 வரிசை முடிய ஜாவா 21 வேண்டும். பேனலில் இதைச் சரிசெய்வது இனிமையான அனுபவம்: தொடக்கப் பக்கத்தில் டாக்கர் இமேஜை (கன்டெய்னர் உருவாகும் அச்சை) மாற்றினால் போதும், எந்திரத்தில் ஜாவா எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரே எந்திரத்தில் ஒரு சர்வர் ஜாவா 8இலும் இன்னொன்று 21இலும் ஓடலாம். உரிம ஒப்பந்தத்தை ஏற்கச் சொல்லும் கோப்பையும் தேடிப் போய்த் திருத்த வேண்டாம். பேனலே கேட்கும், ஒப்புக்கொண்டால் எழுதிவிடும்.

சிபியு வரம்பில் 100 என்பது ஒரு கோர். 200 கொடுத்தேன். மைன்கிராஃப்டின் முதன்மைச் சுழற்சி பெரும்பாலும் ஒரே இழையில் ஓடுவதால், மேலும் கோர் கொடுத்துப் பெரிய பலனில்லை. நொடிக்கு 20 துடிப்பு, துடிப்புக்கு 50 மில்லிநொடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் உலகம் தடுமாறும். காட்சித் தூரத்தை 10இலிருந்து 7ஆகக் குறைத்ததில் கிடைத்த சீர்மை, கோர் கூட்டினால் கிடைத்திருக்காது.

பழைய உலகம் பெரியது. பேனல் வழியாக ஏற்ற இயல்பான வரம்பு 100 எம்பிதான். அதனால் விங்ஸின் 2022 போர்ட்டில் எஸ்எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் ஏற்றினேன். பயனர் பெயர், புள்ளி, சர்வரின் எட்டெழுத்து அடையாளம் என்று சேர்த்து எழுதினால் அதுதான் உள்நுழையும் பெயர். பேனலின் கடவுச்சொல்லே இதற்கும்.

நினைவகம்

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, பலர் ஒன்றாகப் புது நிலங்களைத் தேடிக் கிளம்பினால் சர்வர் சட்டென்று விழ ஆரம்பித்தது. மைன்கிராஃப்டின் பதிவேட்டில் ஒரு பிழை வரிகூட இல்லை. கன்சோலில் விங்ஸ் எழுதிய வரிகள் மட்டும் இருந்தன: சர்வர் செயலிழந்த நிலையில் கண்டறியப்பட்டது, வெளியேறும் எண் 137, நினைவகம் தீர்ந்தது: ஆம்.

137 என்றால் நிரல் தானாகச் சாகவில்லை. இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைக் கொன்றிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம். சர்வருக்கு 4096 எம்பி கொடுத்திருந்தேன். இந்த அளவுக்கு விங்ஸ் தானாகவே 10 சதவீதம் கூட்டி, கன்டெய்னரின் கடைசி எல்லையை ஏறக்குறைய 4505 எம்பியாக வைக்கிறது. எக்கின் தொடக்கக் கட்டளையோ ஜாவாவிடம், தெரியும் நினைவகத்தில் 95 சதவீதத்தை ஹீப்பாக (நிரல் தன் தரவை வைத்துக்கொள்ளும் இடமாக) எடுத்துக்கொள் என்கிறது. அதாவது 4280 எம்பி வரை. மிச்சம் 225 எம்பி. ஜாவாவுக்கு ஹீப் மட்டும் போதாது: கிளாஸ் விவரங்கள், இழைகளின் அடுக்குகள், பிணையத் தாங்கல்கள், குப்பை அகற்றியின் சொந்தக் கணக்குகள் எல்லாம் ஹீப்புக்கு வெளியே இருப்பவை. செருகுநிரல்கள் நிறைந்த சர்வரில் அந்த 225 எம்பி போதவே போதாது.

95ஐ 80ஆக மாற்றினேன். ஹீப் சுமார் 3600, வெளியே 900. அதன் பிறகு 137 வரவில்லை. ஹீப்பைக் குறைத்தால் சர்வர் மெதுவாகுமே என்று தோன்றும். எங்கள் அளவு கூட்டத்துக்கு வித்தியாசமே தெரியவில்லை. சர்வர் விழுந்தால் நினைவகத்தைக் கூட்டு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 95 சதவீதத்தை அப்படியே விட்டுக் கூட்டினால் ஹீப்பும் கூடவே வளரும். வெளியே கிடைக்கும் இடம் கொஞ்சம்தான் கூடும், சர்வர் வேறொரு நாளில் விழும்.

விழுந்த சர்வரை விங்ஸ் தானே எழுப்பும். ஆனால் 60 நொடிக்குள் இரண்டாம் முறை விழுந்தால் கைவிட்டுவிடும். அது நல்லதற்குத்தான்.

கைப்பேசியில் விளையாடுகிறவர்கள்

பாதிப் பிள்ளைகளிடம் கணினி கிடையாது. அம்மாவின் கைப்பேசியில் பெட்ராக் பதிப்புதான். அவர்களை விட்டுவிட்டு ஒரு குடும்ப சர்வர் நடத்த எனக்கு மனமில்லை. கைசர் என்ற செருகுநிரல் பெட்ராக் பேச்சை ஜாவா பேச்சாக மாற்றித் தருகிறது. கூடவே ஃப்ளட்கேட் இருந்தால் ஜாவா கணக்கு வாங்காமலேயே உள்ளே வரலாம்.

19132 போர்ட்டை இரண்டாவது அலொகேஷனாகச் சேர்த்தேன். தரவு அனுப்பும் முறை இரண்டுக்கும் வேறு: ஜாவா பதிப்பு டிசிபி, பெட்ராக் யூடிபி. விங்ஸ் ஒவ்வொரு அலொகேஷனையும் இரண்டுக்கும் திறந்துவிடுகிறது, எனவே அங்கே கவலையில்லை. இருந்தும் கைப்பேசிகள் சேரவில்லை. கைசர் கேட்டுக்கொண்டிருப்பதாகப் பதிவேடு சொன்னது. பேனலும் சரி, விங்ஸும் சரி. ஆகவே எந்திரத்துக்கு வெளியேதான் தடை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்ள வெளி ஃபயர்வாலில் 19132க்கு யூடிபியைத் திறந்ததும் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எந்திரத்துக்குள் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் வைத்திருப்பவர்கள், அது மூடியிருப்பதால் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். டாக்கர் திறக்கும் போர்ட்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஏனென்றால் டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால் விதிப் பட்டியலில்) நேராக எழுதுகிறது. எதைத் திறப்பது என்பதை வெளி ஃபயர்வாலில் தீர்மானிப்பதே நல்லது.

பட்டனைக் கொடுத்தது

இவ்வளவும் எதற்காகவோ அது இப்போது. சர்வரின் பயனர்கள் பக்கத்தில் அக்கா மகளின் மின்னஞ்சலைச் சேர்த்தால், கணக்கு இல்லாவிட்டால் பேனலே உருவாக்கி அவளுக்கு மடல் அனுப்பும். மடல் போவதற்கு எந்திரத்திலிருந்து நேராக அனுப்ப முயலாதீர்கள். 25ஆம் போர்ட்டைப் பல கிளவுட் நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கும். ஒரு மின்னஞ்சல் சேவையின் எஸ்எம்டிபியை (மடல் அனுப்பும் சர்வரை) 587இல் கொடுத்தேன்.

அனுமதிப் பட்டியல் நீளமானது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். அவளுக்குக் கன்சோல், தொடங்கு, நிறுத்து, ரீஸ்டார்ட், காப்பு நகல் எடுக்கும் உரிமை. கோப்புகளை அழிக்கவும் நகலை மீட்டெடுக்கவும் உரிமையில்லை. கன்சோல் கொடுப்பது சின்ன விஷயமில்லை என்பதை அவளிடம் உட்கார்ந்து சொன்னேன்: அங்கே தட்டும் கட்டளை சர்வரின் முழு அதிகாரத்தோடு ஓடும், யாரையும் வெளியேற்றலாம், யாருக்கும் நிர்வாக உரிமை கொடுக்கலாம். "சரி மாமா, தம்பிகிட்ட கடவுச்சொல்லைச் சொல்ல மாட்டேன்" என்றாள். யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதைச் செயல்பாட்டுப் பதிவேடு வைத்திருக்கிறது. நிர்வாகிக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டேன்.

பேனலைத் திறந்த இணையத்தில் வைத்தால் புதுப்பிப்பும் கட்டாயம். 2025 ஜூனில் வெளிவந்த 1.11.11 பதிப்பு ஒரு மிகக் கடுமையான ஓட்டையை அடைத்தது. உள்நுழையாமலேயே வெளியாள் ஒருவர் பேனல் எந்திரத்தில் தன் நிரலை ஓட்டக்கூடிய ஓட்டை அது. அதற்கு முந்தைய பதிப்பை யாராவது இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் புதுப்பியுங்கள். பேனலுக்குள்ளேயே அதற்கான கட்டளை இருக்கிறது. விங்ஸுக்கு அந்த ஒற்றைக் கோப்பை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

காப்பு நகல்

அட்டவணையில் தினமும் அதிகாலை 3 மணிக்கு இரண்டு பணிகள்: உலகத்தை வட்டில் சேமிக்கச் சொல்லும் கட்டளை, அதிலிருந்து 60 நொடி கழித்துக் காப்பு நகல். நகல் எண்ணிக்கை வரம்பை 5 என்று வைத்தேன். வரம்பு நிரம்பினால், பூட்டி வைக்காதவற்றில் பழையதை அழித்துவிட்டு அட்டவணை புதியதை எடுக்கும். பெரிய கட்டடம் ஏதாவது முடித்த நாளின் நகலை அக்கா மகள் பூட்டச் சொல்வாள்.

விங்ஸ் இந்த நகல்களை இயல்பாக அதே எந்திரத்தின் வட்டில்தான் வைக்கிறது. எந்திரமே போனால் உலகமும் நகலும் சேர்ந்து போகும். எஸ்3 வகைச் சேமிப்பகத்தை (இணையத்தில் உள்ள கோப்புக் கிடங்கை) விங்ஸின் நகல் இடமாகப் பேனலின் அமைவில் கொடுக்க வழியுண்டு, அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். மாற்றிய பிறகு நகல் ஒன்றை இறக்கி, வெறும் சர்வர் ஒன்றை உருவாக்கி, எஸ்எஃப்டிபியில் ஏற்றி, கோப்பு மேலாளரில் விரித்துத் தொடங்கிப் பார்த்தேன். உலகம் எழுந்தது, பெட்டிகளில் இருந்த பொருள்கள்வரை அப்படியே இருந்தன. அந்தச் சோதனை சர்வரை அழித்துவிட்டு அதன் நினைவகத்தை டெராரியாவுக்குக் கொடுத்திருக்கிறேன்.